ஒருமனதாக வந்த குப்பை

தெரு கூட்டும் அவளுக்கு ‘வாயில்லாப்பூச்சி’ என்று பட்டப்பெயர். குப்பை விவகாரத்தை நகராட்சியும் குடியிருப்போரும் தொழிலாளரும் கூடிப் பேசி முடிவுசெய்யக் குழு அமைத்தபோது, தொழிலாளர் சார்பில் அவளைத்தான் பிடித்துப் போட்டார்கள். எதிர்த்துப் பேசமாட்டாள் அல்லவா!

முதல் கூட்டத்தில் தேநீர் எடுக்க அவள் கை நீட்டியதும், பக்கத்திலிருந்த வக்கீலம்மா மூக்கைச் சுளித்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வேலை முடிந்து நேராக வந்த கை. அன்று மடியில் ஒளித்த கைகளை அவள் பிறகு எந்தக் கூட்டத்திலும் வெளியே எடுக்கவில்லை.

அடுத்து, குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு இடம் தேடினார்கள். ஒவ்வொரு தெருக்காரரும் “எங்க வாசல்ல கூடாது” என்று கையை உயர்த்தினார். கடைசியில் குழுத் தலைவர், தொழிலாளர் வீடுகளுக்கு எதிரே கிடந்த காலி மனையைச் சொன்னார். அவள் வீட்டுச் சன்னலுக்கு நேர் எதிர். உள்ளே நெஞ்சு நோயாளிப் புருஷன். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஆட்சேபணை இருக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

வக்கீலம்மா பக்கத்திலேயே இருந்தாள். கை மடியைவிட்டு எழவில்லை.

“அப்போ ஒருமனதா முடிவு!” எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுவாரம், முதல் வண்டிக் குப்பையை அவளையே கொட்டச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்னடி மெம்பரம்மா, நாற்காலி குடுத்தாங்கன்னு எங்க தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

புருஷன் இருமி இருமிச் சுருண்டான். பொறுக்கமாட்டாமல் தலைவர் வீட்டுப் படியேறினாள். “ஐயா, வேற எடம் பாருங்க. அவரால மூச்சு விட முடியலை.”

“அட, உனக்குப் பேசக்கூட வருமா!” தலைவர் சிரித்தார். “அன்னிக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? உனக்காக மாத்தினா, எல்லாரும் கூடி முடிவெடுத்ததுக்கு என்னம்மா மரியாதை?”

வீடு திரும்பியபோது புருஷன் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“எந்தப் பாவிடி இங்க கொட்டச் சொன்னது?”

“எல்லாரும் சேர்ந்துதான்.”

“நீயும் அங்கதானே இருந்தே?”

“இருந்தேன்.”

அதற்குமேல் அவனுக்குக் கேட்க மூச்சு இல்லை. அவள் சன்னலைச் சாத்தினாள். விடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அங்கேயே கொட்டினாள்.