தெருக்குத்து மனை

தில்லை நகரில் நான் மனை வாங்கியபோது அங்கே மனிதர்களைவிடத் தவளைகள் அதிகம். நேற்றுவரை நெல் விளைந்த வயலில் கயிறு பிடித்துத் தெருப் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குக் கிழக்கே பெரிய தொழிற்சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து திருச்சியில் மனை விலை கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு பத்திர எழுத்தரிடம் குமாஸ்தா. சித்திரையில் கைமாறிய மனை ஐப்பசியில் இன்னொரு விலைக்கு என் கையெழுத்திலேயே மறுபடி கைமாறும். ஊரார் சொத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதிக் கொடுத்த எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒண்டுக்குடித்தனம். ஒன்றரை அறை, ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு குழாய்.

அந்த ஒன்றரை அறைக்குத்தான் துறையூரிலிருந்து என் மனைவி வந்தாள். காடு கழனி உள்ள வீட்டுப் பெண். பக்கத்துக் குடித்தனத்து அடுப்புப் புகை எங்கள் அறைக்குள் வரும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். குறை என்று வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. பத்து மாதம் இருந்தாள். ஆடி பிறந்ததும் அவள் அண்ணன் வந்து வழக்கப்படி அழைத்துப் போனார். ஆவணியில் நான் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். போனேன்.

மச்சான் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறச் சொன்னார். ரசத்துக்கு வரும்போது ஆரம்பித்தார்.

"குழாயடியில குடத்தோட நிக்கத்தான் எங்க பொண்ணைக் கட்டிக் குடுத்தோமா மாப்ளே? ஒரு வீடு வாசல்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் அனுப்பறோம்."

எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்கு அது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவள் அடுக்களைக் கதவோரம் மோர்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சொந்த வீடு கட்டாமல் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். பஸ்ஸில் வாய்விட்டும் சொல்லியிருப்பேன் போல, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

என் கைக்கு எட்டுகிற விலையில் தில்லை நகரில் ஒரே ஒரு மனைதான் இருந்தது. காரணம் போய்ப் பார்த்ததுமே தெரிந்தது. நீளமான தெரு ஒன்று நேராக வந்து அந்த மனையின் நெற்றியில் முட்டி நின்றது. தெருக்குத்து. அப்படிப்பட்ட மனையில் வீடு கட்டினால் குடும்பம் நிலைக்காது என்று நம் ஆட்கள் காசு கொடுத்தாலும் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். பத்திரத்தில் 'தெற்கில் பொது ரோடு' என்று மட்டும்தான் எழுதுவோம். அந்த ரோடு எங்கே வந்து முட்டுகிறது என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை. அந்தத் தைரியம்தான்.

மனையை அவள் பெயரில் வாங்கினேன். வாங்குகிறவர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை, விற்கிறவர் வந்தால் போதும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆகவே அவளை வரவழைக்கவில்லை. கடிதம் எழுதினேன். அஸ்திவாரம் போட்டபோது ஒரு கடிதம், நிலை வைத்தபோது ஒரு கடிதம், தளம் போட்டபோது ஒன்று. 'நலம். செய்தி அறிந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு வரும்.

அந்தக் காலத்தில் அடுப்பு தரையில்தான் இருக்கும். நின்று சமைக்கிற மாதிரி மேடை போடலாம் என்று கொத்தனார் சொன்னார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் விழித்தேன். பத்து மாதம் கூட இருந்தவளின் உயரம் எனக்குத் தெரியவில்லை. பிறகு யோசித்து, என் சட்டையின் மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தொட்டு, "தலை இதுவரைக்கும் வரும்" என்றேன். கொத்தனார் சிரிக்காமல் கணக்குப் போட்டு மேடை கட்டினார். அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினேன்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தேன். ஸ்ரீரங்கத்தில் மற்ற நான்கு குடித்தனத்துக்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். துறையூருக்குத் தபாலில் போட்டேன். என்னை இலையிலிருந்து எழுப்பிவிட்ட வீட்டுக்கு நானாகப் போவதாவது. வீடு கட்டியாகிவிட்டது, இனி அவர்கள் கொண்டுவந்து விடட்டும் என்றிருந்தேன். சொந்தப் பெண்டாட்டிக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று காலை புரோகிதர், "அம்மாவைக் கூப்பிடுங்கோ, பால் காய்ச்சணும்" என்றார். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள்தான் பால் காய்ச்சினாள். பத்து மணிக்கு மச்சான் மட்டும் வந்தார். கேட்டில் நின்று, தான் வந்த தெருவைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். வீட்டைப் பார்த்தார்.

"தெருக்குத்தா மாப்ளே" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. உள்ளே வராமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கார்டும் நின்றுபோனது. சரி, இந்தத் தெருக்குத்துதான் அவளைத் தடுக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். கேட்டை ஓரமாக நகர்த்தினேன். மதிற்சுவரில் மாடம் வைத்து, தெருவைப் பார்த்த மாதிரி ஒரு பிள்ளையாரை உட்கார வைத்தேன். ஒவ்வொன்றையும் அவளுக்கு எழுதினேன். பதில் இல்லை. அக்கம்பக்கத்தில் வீடுகள் எழும்பின. போகிறவர் வருகிறவர் எல்லாம் பிள்ளையார் முன்னால் நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். அவருக்கு ஆள் சேர்ந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் மூன்று அறைகளில் மாறி மாறிப் படுத்துப் பார்த்தேன். எல்லா அறையிலும் ஒரே மாதிரிதான் தூக்கம் வராமல் இருந்தது. மேடையில் ஒரு ஸ்டவ்வை வைத்து, குனிந்து காப்பி போட்டுக் குடிப்பேன். எனக்கு அந்த மேடை தாழ்வு.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு டாக்டர் வந்தார். வீட்டை வாங்கிக் கிளினிக் வைக்க வேண்டுமாம்.

"தெருமுனையில திரும்பினாலே போர்டு கண்ணுல படும். இந்த மாதிரி இடம் வேற கிடையாதுங்க" என்றார்.

எந்தக் குறைக்காக எனக்கு மலிவாகக் கிடைத்ததோ அதற்காகவே அவர் நான் வாங்கியதைப்போல் மூன்று பங்கு தந்தார். விற்றுவிட்டுக் குற்றமில்லாத மனை ஒன்று வாங்கி, அதில் வீடு கட்டி, அப்புறம் அவளைக் கூப்பிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். பத்திரம் அவள் பெயரில் இருந்தது. இப்போது விற்கிறவள் அவள். வந்தே ஆக வேண்டும். அதற்கும் கடிதம்தான் எழுதினேன்.

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தாள். மச்சான் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டார். கையெழுத்துப் போட்டு, விரல் உருட்டி, மையைத் துடைக்கக் கொடுத்த துணியோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். காதோரம் இரண்டு முடி நரைத்திருந்தது. தான் காலே வைக்காத வீட்டை அவள் விற்று முடித்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இனி வாங்கப்போகிற மனையைப் பற்றிச் சொன்னேன். தெருக்குத்து இருக்காது என்றேன்.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தெருக்குத்தெல்லாம் அண்ணன் பாத்தது. நான் பாக்கலையே. லெட்டர் லெட்டரா எழுதினீங்க. ஒருநாள் வந்து, வான்னு கூப்பிட்டிருந்தா அந்தக் குழாயடிக்கே வந்திருப்பேன். நீங்க வருவீங்கன்னு பொங்கலுக்குப் பொங்கல் பொட்டியைத் தயாரா வச்சிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

"வந்து எந்த வீட்டுக்குக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் வாசலுக்கு வந்து இருமினார். மைத்துணியை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பணத்தோடு மனை தேடிப் போனேன். நான் விற்ற விலை எனக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் தேடிக்கொண்டிருந்தபோதே தில்லை நகர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி, ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறை பிடித்தேன்.

இதற்கெல்லாம் முன்னால், சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமையே துறையூர் பஸ் ஏறவும் செய்தேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் பையில் இருந்தது. மண்ணச்சநல்லூர் தாண்டும்போது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. எந்த வீட்டுக்கு? வீடு இல்லாமல் வெறுங்கையோடு போய் அந்த வாசலில் நிற்பதா என்று இறங்கிவிட்டேன். எதிரே வந்த பஸ்ஸில் திரும்பினேன். பூவை என்ன செய்வது என்று தெரியாமல் தில்லை நகர் போய் என் பழைய பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு வந்தேன்.

அவள் அந்தக் கேள்வியைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, பதிலுக்காகத்தான் கேட்டாள் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. ஒன்றரை அறைக்கு என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அன்றைக்கே வந்திருப்பாள்.