பதினோரு இலையும் ஒரு சிட்டிகைப் பாலிமரும்

ஆவுடையம்மாள் வேதியியலில் முதுகலை படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இருக்கும் எங்கள் தனியார் கல்லூரியில் பதினான்கு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தாள். சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்து குடுவை கழுவுவாள், கரைசல் கலக்குவாள், பேராசிரியர் காசிராஜனிடம் திட்டு வாங்குவாள். மூன்றாவது வேலை நியமன உத்தரவில் இல்லை. அதைத்தான் அதிகம் செய்தாள்.

காசிராஜன் நானோ வெள்ளி நிபுணர். வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றிச் சூடாக்கினால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகித் தண்ணீர் தேன் நிறமாகும். உடனே ஒரு கட்டுரை. முருங்கைக்கு ஒன்று, ஆடாதொடைக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று என்று பதினோரு இலைகளைக் கரை சேர்த்துவிட்டார். மலையடிவாரத்து ஆடுகளே அவரைக் கண்டால் பயப்படும் என்று இயற்பியல் துறையில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

சிக்கல் என்னவென்றால், மறுநாள் காலையில் தேன் நிறம் போய் அடியில் கறுப்பு வண்டல் கிடக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து இறங்கிவிடும். காசிராஜன் கண்டுபிடித்த காரணம் வேறு.

“குடுவைய ஒழுங்கா கழுவுனியா? எம்புட்டுச் சொன்னாலும் ஒனக்கு ஏறாதா?”

ஆவுடையம்மாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். பி.வி.பி. என்றொரு பாலிமர். அதன் நீளச் சங்கிலிகள் ஒவ்வொரு துகளையும் போர்வைபோலச் சுற்றிக்கொள்ளும். துகள்கள் நெருங்கி ஒட்ட முடியாது. அந்த வெள்ளைப் பவுடர் வேதியியல் ஆய்வக அலமாரியிலேயே பிரிக்காமல் இருந்தது.

“சார், கொஞ்சம் பாலிமர் சேத்தா அடியில தங்காது.”

“பாலிமர்னா பிளாஸ்டிக்கும்மா! நான் இயற்கைன்னு எழுதிட்டுத் திரியுதேன். நீ பிளாஸ்டிக்கத் தூக்கிட்டு வாரே!”

அதன் பிறகும் நான்கு தடவை வண்டல், நான்கு தடவை திட்டு. ஐந்தாவது தடவை அவள் யாரிடமும் சொல்லாமல் பவுடரைக் கரைத்துச் சேர்த்துவிட்டாள். தவறுதான், அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் ஆறு மாதமாகியும் அந்தப் புட்டி தேனாகவே நின்றது. “நம்ம மலை எலைக்குத் தனிச் சக்தி” என்று காசிராஜன் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு முழங்கினார். மதுரையில் பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகையில் படம் வந்தது.

படத்தைப் பார்த்துவிட்டு ராஜபாளையத்திலிருந்து அகமது கபீர் வந்தார். பேண்டேஜ் துணி தயாரிப்பவர். துணியில் வெள்ளி பூச முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“என் கண்ணு முன்னால ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்.”

காசிராஜன் உற்சாகமாகிவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் கையால் குடுவையைத் தொட்டார். அதில் பாலிமர் இல்லை என்பது ஆவுடையம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

“சார், ஒரு விஷயம்...”

“செத்த சும்மா இரும்மா. பெரிய மனுசங்க வந்திருக்காக.”

கரைசல் தேன் நிறமானது. காசிராஜன் கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். கபீர் பையிலிருந்து சலைன் பாட்டிலை எடுத்தார். “புண்ணுல நீர் கசியும், அதுல உப்பு இருக்கும். அதத் தாங்குதான்னு பாப்போம்” என்று கரைசலில் கொஞ்சம் விட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் கரைசல் சாம்பல் நிறமாகிக் கலங்கியது. அலமாரியிலிருந்த பழைய புட்டியிலும் அதே அளவு விட்டார். அது அசையவில்லை.

“ஏன் சார் இப்படி?”

“இன்னைக்குப் பறிச்ச எலை முத்தல்” என்றார் காசிராஜன்.

ஆவுடையம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பழைய புட்டியில் பாலிமர் இருப்பதையும், சேர்த்தது தான்தான் என்பதையும் சொன்னாள்.

“பிளாஸ்டிக்கா? புண்ணுல பிளாஸ்டிக்கா!” என்று காசிராஜன் கத்தினார்.

“சார், அயோடின் மருந்துலயும் இதே பாலிமர்தான் இருக்கு. காலையில சவரம் பண்ணி வெட்டிக்கிட்டுத் தாடையில போட்டிருக்கீங்களே, அது.”

காசிராஜனின் கை தாடைக்குப் போனது. கபீர் டீ டம்ளரை உற்றுப் பார்த்தார். தான் சிரிக்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அடுத்த வாரம் ஆவுடையம்மாளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கடுத்த மாதம் காசிராஜனின் பன்னிரண்டாவது கட்டுரை வந்தது: இலையும் பாலிமரும் இணைந்து வெள்ளியைக் காப்பது பற்றி. ஆசிரியர்கள் காசிராஜன், கல்லூரி முதல்வர், காசிராஜனின் மருமகன். மருமகன் சிவில் இன்ஜினியர். மெமோவுக்கு ஒரு வரி பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆவுடையம்மாள் கபீரின் ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். முதல் இரண்டு மாதம் துணியின் நீள அகலம் அளக்கத்தான் விட்டார்கள். பிறகுதான் வெள்ளி கைக்கு வந்தது. இப்போது கரைசலைக் கலக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே நுழைய கபீரே தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

போன மாதம் காசிராஜன் அவளுக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, அந்தப் பவுடர் எவ்வளவு போடணும்? புதுப் பையன் போட்டா கூழு மாதிரி ஆயிருதும்மா.”

அவள் அளவைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, “எழுதிக்கிடுங்க சார்” என்றாள்.