பார்லர் நாற்காலியில் கிடைத்த யோசனை

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர்க்கார அக்கா. கை கத்தரிக்கோலில் இருந்தாலும் காது வாடிக்கையாளர் வாயில்தான் இருக்கும். எந்த டாக்டரிடம் போவது, எந்த வாஷிங் மெஷின் உழைக்கும், எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்னதுதான். பத்தில் எட்டு சரியாகவும் இருந்து தொலைத்தது. அந்த எட்டுதான் அவளைக் கெடுத்தது.

மகளுக்கு இன்ஜினியரிங் மேல் உயிர். பதினொன்றாம் வகுப்பில் உயர்நிலைக் கணக்கு எடுத்தாள், முதல் இரண்டு தேர்வில் தடுமாறினாள். அந்த வாரம் முடி வெட்ட வந்த ஒரு மகராசி, "கஷ்டமான பாடத்த விட்டுட்டு சாதாக் கணக்கு எடுக்கச் சொல்லுங்க. மார்க்கு ஏறும், ரேங்க் ஏறும், காலேஜ் தானா கூப்பிடும்" என்றாள். அக்காவுக்கு அது வேதவாக்கு. "டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா" என்று மகள் கெஞ்சினாள். "டீச்சருக்கு ஊர்ல நடக்கறது என்னடி தெரியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

சாதாக் கணக்குக்கு மாறியதும் ரேங்க் ஏறத்தான் செய்தது. அக்கா கடை முழுக்க இனிப்பு கொடுத்தாள். பிறகுதான் இன்ஜினியரிங் கல்லூரி கையை விரித்தது. ரேங்க் போதும், உயர்நிலைக் கணக்கு படித்தவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். போதாததற்கு, ரேங்க் போடும்போது கடினமான பாடத்தின் மார்க்கை உயர்த்தித்தான் கணக்கிடுவார்களாம்; அதில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நஷ்டமில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டிருந்தால் பரவாயில்லை, போட்டது மகள் தலையில் அல்லவா!

மகள் கத்தவில்லை. ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள், மறுநாள் அக்கவுண்ட்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்குச் சோறாவது இறங்கியிருக்கும். கேட்டவர்களிடமெல்லாம், "எந்தப் பாடம் வேணும்னு ஸ்கூல்ல ஒழுங்காச் சொல்லல" என்றாள் அக்கா. சொல்லும்போதெல்லாம் நெஞ்சு குத்தியது. இருந்தும் சொன்னாள்.

இன்று சாயம் பூச ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். விடுமுறை என்பதால் மகள் கல்லாவில் இருந்தாள். பாதித் தலை முடிந்தபோது அந்தம்மா, "உங்க யோசனைதான் அக்கா! என் பையன வேதியியல விட வச்சிட்டேன். இப்பல்லாம் நல்ல மார்க்கு வாங்குறான்" என்றார்.

"என்ன படிக்கணும்கிறான்?"

"பார்மசிஸ்ட் ஆகணுமாம்."

அக்கா சாயம் பூசுவதை நிறுத்தினாள். தான் எப்போது இதைச் சொன்னோம் என்றுகூட நினைவில்லை. எத்தனை பேரிடம் சொல்லித் தொலைத்தோமோ! மகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஐயையோ!" என்றாள் அக்கா. "அந்தப் படிப்புக்கு வேதியியல் வேணுமே! எந்திரிங்க. ஸ்கூலுக்குப் போய்க் கேளுங்க. திரும்ப எடுக்க இன்னும் நாள் இருக்கான்னு கேளுங்க."

"அடப்பாவமே, பாதித் தலையோடயா?"

"துண்டு கட்டி விடறேன். வந்தப்புறம் மீதியப் பூசிக்கலாம். தல போற விஷயம், நிறம் பாக்காதீங்க."

"ஆமா, உங்க பொண்ணுக்கு ஸ்கூல்ல சொல்லலன்னீங்களே?"

அக்கா துண்டை இறுக்கினாள். "ஸ்கூல் மேல பழியப் போட்டேன். கேக்கச் சொன்னா என் பொண்ணு. நான்தான் கேக்கல. அவ படிப்பக் கெடுத்தது நான்தான்."

அந்தம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். சாயக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா நின்றாள்.

மகள் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "வர்றவங்க போறவங்ககிட்ட சொல்லத் தெரியுது. என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு நாள்கூட வாய் வரலயாம்மா?"