நெத்தியில ஒரு கோணல் கோடு

கோபால்ட் மெஷின் ஓட்டறவன் வேலையை ஒரே மூச்சுல சொல்லிடலாம்: ஆளைப் படுக்க வைக்கணும், கோட்டைப் பாக்கணும், வெளிய வந்து கதவைச் சாத்தணும், சுவிட்சைப் போடணும்.

நைட் ஸ்கூல்ல படிச்சு, அப்புறம் ஒரு ட்ரெய்னிங் முடிச்சு, எழுபதுகளோட கடைசியில திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில இந்த வேலைக்குச் சேந்தப்ப, இவ்வளவுதானான்னு நெனச்சேன். நாலு காரியத்துல ரெண்டாவதுதான் ஆளைத் தின்னுதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. பஸ் ஓட்டறவங்க, ஊசி போடறவங்க, கரண்ட் கம்பத்துல ஏறறவங்க, அடுத்தவங்க உசிரைக் கையில வச்சுக்கிட்டு மூஞ்சியை மட்டும் சாதாரணமா வச்சுக்கற எல்லாரும் நம்ம கட்சிதான். உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஓடற?

கோபால்ட்ங்கறது ஒரு சின்ன உலோகத் துண்டு. மெஷினோட ஈயம் போட்ட பெரிய தலைக்குள்ள உக்காந்திருக்கும். சுவிட்சைப் போட்டா வாசலுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்து நோயாளி உடம்புல இருக்கற கட்டியைச் சுடும். பக்கத்துல நல்ல சதை இருந்தா அதையும் சுடும். அதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனாலதான் நோயாளியைத் தவிர யாரும் அந்த ரூமுக்குள்ள நிக்கக் கூடாது.

துறையூர்ப் பக்கத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. தலையில கட்டி. முதல் நாள். "ஆடாமப் படுங்கம்மா, வலிக்காது, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லிட்டு வேகமா வெளிய வந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாப் பாத்தா எழுந்து உக்காந்திருக்காங்க. உள்ள போய்ப் படுக்க வச்சுட்டு வந்தேன். மறுபடி உக்காந்திருக்காங்க. மூணாவது தடவை போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிதானமாக் கேட்டாங்க: "ஒண்ணும் பண்ணாதுன்னா நீ எதுக்குய்யா ஓடற? நல்லதுன்னா நீயும் கூட நில்லேன்."

காதர் பாயோட பேட்ஜ்

எங்களுக்கெல்லாம் சட்டையில மாட்டிக்க ஒரு பேட்ஜ் உண்டு. உள்ள ஒரு துண்டு பிலிம் இருக்கும். நாம எவ்வளவு கதிர் வாங்கியிருக்கோம்னு அதுல பதிஞ்சிடும். மாசம் ஒரு தடவை பம்பாய்க்குப் போய் ரிப்போர்ட் வரும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும். நோயாளிகளைத் தள்ளிக்கிட்டு வர்ற அட்டெண்டர் காதர் பாய்க்கு மட்டும் மாசா மாசம் சுத்தமா வரும். நான் நிக்கற இடத்துலதான் அவரும் நிப்பார். மனுஷன் என்னதான் பண்றாருன்னு எனக்குப் பொறாமையாவே இருந்துச்சு.

ஒருநாள் அலமாரியைத் திறந்தவர் கைக்குட்டையில சுத்தின எதையோ எடுத்து, தூசி தட்டித் திரும்ப வச்சார். பேட்ஜ். பிலிம் மாத்தற நாளைத் தவிர ரெண்டு வருஷமா அது அங்கதான் இருக்கு. நான் சிரிச்சுட்டேன், ஆனா அன்னிக்கு மத்தியானம் முழுக்க என் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். அவர் அசரலை: "அல்லாவே, அதைப் போய் அந்த ரூமுக்குள்ள கொண்டு போறதா? அதுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நம்மளைத்தானே தம்பி கேப்பாங்க?"

வேலி

சம்பத்து சார் ஸ்ரீரங்கத்துல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தார். நாப்பத்தஞ்சு வயசு. ஒருநாள் டைப் அடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே வலது கை தானா வெட்டி வெட்டி இழுத்திருக்கு. மெட்ராஸ்ல அப்பதான் புதுசா வந்திருந்த ஸ்கேன்ல பாத்தா, மூளையில இடது பக்கம் முன்னாடி ஒரு கட்டி. மெதுவா வளர்ற வகை. அங்கேயே ஆபரேஷன் பண்ணி முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு, மிச்சத்தைக் கோபால்ட்ல சுடச் சொல்லி எங்ககிட்ட அனுப்பிட்டாங்க. ஆறு வாரம்.

எங்க டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வச்சுப் பாத்து, அளந்து அளந்து அவர் இடது நெத்தியில ஒரு கோடு போட்டாங்க. மேலேருந்து சாய்வா வந்து புருவத்துக்கு மூணு சென்டிமீட்டர் மேல நின்னுடும். நான் அது மேல ஊதா மருந்தைக் குச்சியில தொட்டு இழுத்தேன். மெஷின்லேருந்து சதுரமா ஒரு வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தோட ஓரம் தினமும் இந்தக் கோட்டுல உக்காரணும். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஆரோக்கியம், இது கோடு இல்ல, வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணு இருக்கு"ன்னாங்க.

வலது கை சரியில்லாததால அவருக்குத் தினமும் திருமண் இட்டு விடறது அவர் சம்சாரம் வேதவல்லி மாமி. நடு நெத்தியில இட்டுக்கலாம், ஆனா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி துடைச்சிடணும், கோட்டு மேல மட்டும் தண்ணி படக் கூடாதுன்னு நான் சொன்னேன். மாமி எல்லாத்துக்கும் தலையாட்டினா. அப்புறம் தள்ளி நின்னு அவர் நெத்தியைப் பாத்தா, கிட்ட வந்து பாத்தா, தயங்கிக்கிட்டே கேட்டா: "இதைக் கொஞ்சம் நேராப் போடப்படாதோ?"

ரெண்டு நாள்

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை. வெளிச்சத்தைக் கோட்டுல பொருத்தினேன். சிரமமே இல்லாம கச்சிதமா உக்காந்துச்சு. அதுதான் என்னமோ பண்ணுச்சு. நான் போட்ட கோட்டுல நடுவுல ஒரு இடத்துல கை ஆடி சின்னதா ஒரு வளைவு இருக்கும். தினமும் அந்த வளைவுகிட்ட வெளிச்சம் கொஞ்சம் முரண்டு பண்ணும். இன்னிக்கு வளைவைக் காணோம். ஸ்கேலை வச்சேன். புருவத்துக்கும் கோட்டுக்கும் மூணு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுகூட இல்லை. கோடு நேராகிக் கீழ இறங்கினதுல வெளிச்சத்தோட கீழ் மூலை அவர் இமை மேல கிடக்கு.

சுவிட்ச் பக்கமே போகலை. அவரை எழுப்பி உக்கார வச்சுட்டு வெளிய வந்து மாமிகிட்ட, கோடு எப்பவாவது அழிஞ்சுதான்னு கேட்டேன். குரலை எவ்வளவு சாதாரணமா வச்சுக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமா வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். மாமி சிரிச்சுக்கிட்டே சொன்னா: "திங்கக்கிழமை திருமண் துடைக்கறச்சே ஈரம் பட்டுப் போயிடுத்து. கோடு இல்லேன்னா திருப்பி அனுப்பிச்சுடுவேளோன்னு பயந்துண்டு, ஆத்துல வாய்ப்புண்ணுக்கு வச்சிருந்த ஊதா மருந்தால நானே போட்டுட்டேன். தெனம் திருமண் இட்டு விடறவளுக்கு இது வராதா? கோணலா இருந்தது, நேராக்கிட்டேன்."

யார் பாக்கணும்?

திங்கள், செவ்வாய். ரெண்டு சிட்டிங் கதிர் இடது கண்ணு மேல போயிருக்கு. மாடிப்படி ஏறி டாக்டரம்மா ரூமுக்குப் போறதுக்குள்ள, சொல்லாம விட்டா என்ன ஆகும்னும் யோசிச்சேன். யோசிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். உள்ள போய்ச் சொல்லிட்டேன். அவங்க கத்தலை. ஒரு தாள்ல என்னென்னமோ போட்டுப் பாத்தாங்க. அவர் பைலை வாங்கி அவங்க கையாலயே எழுதினாங்க. கண்ணுல புரை விழலாம், விழாமலும் போகலாம், விழுந்தா உடனே தெரியாது, சில வருஷம் ஆகும்னாங்க.

"அவங்ககிட்ட சொல்லணுமே டாக்டர்"னேன். இப்பச் சொன்னா பயந்து பாதியில நின்னுடுவாங்க, முடியட்டும், நானே சொல்றேன்னாங்க. புதுசா அளந்து கோடு போட்டோம், சாய்வா. கடைசி நாள் மாமியை மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை. அந்தப் புதன்கிழமை அவங்க என்கிட்ட சொன்னது போதும்: "கோடு போடறது நான், பாக்கறது நீ. ரெண்டு நாள் நீ பாக்கலை. இனிமே பாத்துக்கிட்டே இரு."

ரேடியோ ரிப்பேர்

அதே சமயத்துல டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. தலைக்குக் கதிர் கொடுத்து அனுப்பறோம், அப்புறம் அவங்களுக்கு ஞாபகம் எப்படி, கை கால் எப்படி, கண்ணு எப்படின்னு வருஷா வருஷம் பாத்து எழுதணும். கார்டு போட்டும் வராதவங்க வீட்டுக்குக் கேள்வி அச்சடிச்ச ஃபாரத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போறது என் வேலை.

என்னைக் கண்டா யாருக்கும் பிடிக்காது. நான் வாசல்ல நின்னா நோயே திரும்ப வந்து நிக்கற மாதிரி. துவாக்குடியில ஒருத்தர் நல்லாத்தான் இருந்தார், வயல் வேலைக்கே போய்க்கிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் முகம் செத்துப் போச்சு. பொண்ணுக்கு இடம் பாத்துக்கிட்டு இருக்காங்களாம். அப்பாவுக்கு மூளையில கட்டின்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும். எல்லாக் கேள்விக்கும் கதவுக்குப் பின்னாடி நின்னே பதில் சொல்லிட்டு, தெருமுனை வரைக்கும் கூடவே வந்து சொன்னார்: "யாராவது கேட்டா ரேடியோ ரிப்பேருக்கு வந்தேன்னு சொல்லிடுங்க. அடுத்த வருஷம் வரும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கையில வச்சுக்கங்க."

லோயருக்கு ஆள் எடுக்கலை

சம்பத்து சார் வீட்டுக்கு மட்டும் கார்டு போடாமலே போவேன். வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஃபாரம் சொல்லும், நான் மூணு நாலு தடவை போவேன். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்துல விழற மாதிரிப் பாத்து உக்காருவேன். "மேல பாருங்க சார், கீழ பாருங்க சார்"னு ஏதோ பரிசோதனை மாதிரிச் சொல்லிட்டு, இடது கண்ணுல வெள்ளையா எதாவது தெரியுதான்னு தேடுவேன். மாமி காபி டம்ளரோட நின்னு நான் பாக்கறதையே பாத்துக்கிட்டு இருப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டோம்.

அவருக்குக் கை ஓரளவு வந்துடுச்சு. ஆனா இன்ஸ்டிட்யூட் தேய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு. எட்டு மெஷின்ல அஞ்சுக்கு உறை போட்டு மூடிட்டார். டைப்ரைட்டிங்ல முதல் பரீட்சை லோயர், அதுக்கு ஆறு மாசம் பயிற்சி வேணும். அந்தப் பசங்களைச் சேத்துக்கறதே இல்லை. ஏற்கெனவே டைப் தெரிஞ்சு, ஸ்பீடுக்காக ஒரு மாசம் ரெண்டு மாசம் வர்றவங்களை மட்டும் எடுத்துப்பார். ஏன் சார்னு கேட்டதுக்கு என்னைப் பாக்காமச் சொன்னார்: "முடிச்சுக் கொடுக்க முடியாத காரியத்தை ஒத்துக்கப்படாது ஆரோக்கியம்."

ஆறாவது வருஷம்

டாக்டரம்மா பழைய தலை நோயாளிகளுக்கெல்லாம் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பழைய படத்தோட வச்சுப் பாக்கணும்னாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சம்பத்து சார் மட்டும் மெட்ராஸுக்கு வரமாட்டேன்னுட்டார். நேர்ல போனேன். பழக்கதோஷம், உக்காந்ததும் கண்ணைப் பாத்தேன். மாமியும் டம்ளரை வச்சுட்டுக் குனிஞ்சா. அவர் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டார்.

"உள்ளதைச் சொல்லிடுங்கோ. இன்னும் எவ்வளவு நாள்?"

"எதுக்கு சார்?"

"ஆறு வருஷமா நீங்க வந்தா முதல்ல இந்தக் கண்ணைத்தான் பாக்கறேள். இவளும் காத்தால திருமண் இடறச்சே இதையேதான் பாக்கறா. பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறா. கட்டி இந்தப் பக்கம்தானே இருந்தது? திரும்பி வந்துண்டிருக்குன்னு நேக்குத் தெரியாதா? அதைப் படம் வேற பிடிச்சுப் பாக்கணுமா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமி தரையில உக்காந்துட்டா. "கட்டியும் இல்லை ஒண்ணும் இல்லை. கண்ணு. நான் போட்ட கோடு"ன்னா. கடைசி நாள் டாக்டரம்மா அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. அவரைப் பயமுறுத்த வேண்டாம்னு இவ சொல்லவே இல்லை. ராத்திரியெல்லாம் தூக்கம் வராமப் படுத்துக் கிடந்தது அவ மட்டும் தனியா. கோட்டைப் போட்டது நீங்க, பாக்காம விட்டது நான்னு நான் சொன்னேன். அவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார்.

அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வந்தார். கட்டி வளரலை, இருந்த இடத்துல தழும்பு மாதிரி ஒரு நிழல், அவ்வளவுதான். கண் டாக்டரும் பாத்தார். இடது கண்ணு சுத்தமா இருக்கு. புரை லேசா ஆரம்பிச்சிருந்தது வலது கண்ணுல. நாங்க யாரும் ஒரு நாள்கூடப் பாக்காத கண்ணுல. வயசானா வர்றதுதான், மெதுவா ஆபரேஷன் பண்ணிக்கலாம்னார். ஊருக்குத் திரும்பின மறுநாளே லோயர், ஹையர் சேர்க்கைன்னு வாசல்ல போர்டு வச்சுட்டார். நான் போனப்ப அஞ்சு மெஷினுக்கும் உறையைக் கழட்டித் தட்டிக்கிட்டு இருந்தார். மாமி பக்கத்துல எண்ணெய்க் கிண்ணத்தோட நின்னா. ஒரு உறையை உதறினவர், நிறுத்திட்டுக் கேட்டார்: "ஏண்டி, ஒரு கோடு கொஞ்சம் நேராப் போனதுக்கா நான் ஆறு வருஷத்தையும் ரெண்டு ரெண்டு மாசமா வாழ்ந்தேன்?"

மாசா மாசம் பம்பாய் போயிட்டு வந்த பேட்ஜ் நான் வாங்கின கதிரையெல்லாம் சரியா அளந்து சொல்லிடுச்சு. ஸ்ரீரங்கத்துல ஒரு மனுஷனுக்கு ஆறு வருஷமா நான் கொடுத்துட்டு வந்த பயத்தை அளக்கத்தான் எந்த ஊர்லயும் பேட்ஜ் இல்லை.