அட்டை வாப்பாவின் பேரில்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாயும் கோபமும் வயதைவிடப் பெரியவை. எங்கள் ஊர் வாசிகசாலையில் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நூலகர் பென்ஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். காலைப் பத்திரிகையை முடித்துவிட்டால் அவருடைய வேலையும் முடிந்துவிடும். ஆகவே வாசிகசாலை என் கையில்தான் இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை.

துண்டு ஒட்டும் யோசனையும் என்னுடையதுதான். ஒரு புத்தகத்தை வாசித்தவர் அடுத்தவருக்குச் சொல்ல நினைப்பதை ஒரு சின்னக் காகிதத் துண்டில் எழுதிப் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். பேர் போடக் கூடாது. வாசிகசாலை அட்டையின் எண் மட்டும். பேர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பெரியபிள்ளையான பெண்கள் வாசிகசாலைப் படி ஏறுவதில்லை. அதற்காக அவர்கள் வாசிக்காமலும் இல்லை. அட்டை வாப்பாவின் பேரில், அண்ணனான நானாவின் பேரில், கட்டிய மாப்பிள்ளையின் பேரில் இருக்கும். புத்தகத்தைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் ஆம்பிளைகள்.

"போன கிழம தந்தது சரியில்லயாம். கடைசியில எல்லாரும் மௌத்தாகிப் போறாங்களாம். ஆரும் சாகாத புத்தகமா ஒண்டு தா" என்று ஒருவர் வந்து நிற்பார். நான் முகம் தெரியாத ஒருத்திக்காக அலுமாரியைத் துழாவுவேன். யாருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற பெருமை எனக்கு உண்டு. பெருமை என்ன பெருமை, திமிர்.

214 ஒரு போடியாரின் அட்டை. சவளக்கடைப் பக்கம் நிறைய வயல் வைத்திருந்தார், அதனால்தான் போடியார். சந்தைக்கு வரும் சைக்கிளை எங்கள் வாசலில் சாத்திவிட்டு, மீன் பையை ஹேண்டிலின் ஒரு பக்கமும் புத்தகப் பையை மறுபக்கமும் கொழுவியபடி வருவார். அவர் ஜென்மத்தில் கதைப்புத்தகம் வாசித்தவரில்லை. மகளுக்குத்தான்.

"பன்னெண்டாம் வகுப்புப் படிக்கிறா, தம்பி. பரீட்ச முடிஞ்சா கெம்பஸ்தான். அதுக்கிடையில வாசிக்கிறதையும் உட மாட்டா. நான் தடுக்கிறல்ல. கண்டது கற்கப் பண்டிதனாவான் எண்டுதானே சொல்லியிரிக்கி?" என்பார். சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

317 பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து வரும் ஒரு கிளாக்கரின் அட்டை. கல்முனையில் அலுவலகம். வேலை விட்டு, பஸ்ஸுக்கு முன் வந்து கிழமைக்கு இரண்டு புத்தகம் எடுப்பார். வாய் திறக்காத மனிதர். "எப்படி அண்ணன், பிடிச்சிதா?" என்றால் "ஓம், நல்லம்" என்பதோடு சரி. ஆனால் அந்த எண்ணில் ஒட்டப்பட்ட துண்டுகள் இருக்கின்றனவே! இந்தக் கரையிலேயே இவரைப்போல் வாசிக்கிற ஆள் இல்லை என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாவலில் 317 இப்படி எழுதியிருந்தது: "இதை வாசித்துக்கொண்டிருந்ததில் சோறு அடிப்பிடித்தது. மணம் வந்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை." அடுத்து அந்தப் புத்தகம் 214க்குப் போனது. நான்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கீழே இன்னொரு துண்டு: "எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. உம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன். 317 அடுத்து எதை எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நானும் எடுக்கிறேன்."

அதன்பிறகு நாலைந்து புத்தகங்களில் இரண்டு எண்களும் அடுத்தடுத்து வந்தன. எல்லாம் புத்தகக் கதைதான். ஒரு சொல் பிசகில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வாசகர் வட்டம் கூடும். பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுப்போம். யாராவது கவிதை வாசிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுவர்ப் பத்திரிகையைத் தொங்கவிடுவோம், கடைசியில் நான் அந்த மாதத்தின் நல்ல துண்டுகளை வாசிப்பேன். அந்த மாதம் சோற்றையும் பாலையும் எண்ணோடு வாசித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. குரலை ஏற்றி இறக்கி, நடித்து வாசித்தேன். கூட்டம் சிரித்தது. எந்த எண் யாருடையது என்று எழுதிய அட்டைப் பதிவுக் கொப்பி என் மேசையில் விரித்தபடி கிடந்தது. யாரோ எட்டிப் பார்த்திருக்கிறான்.

மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கடையில் போடியாரை நாலுபேர் பிடித்துக்கொண்டார்களாம். "என்ன போடியார், பால் பொங்கினதும் தெரியாமக் கதப்புத்தகம் வாசிக்கிறீங்களாம்? உம்மாட்ட ஏச்சும் வாங்கினீங்களாமே!" அவருடைய உம்மா மௌத்தாகி எத்தனையோ வருடம். பகிடி விட்டவர்களுக்கு அது பகிடி. எழுதியது மகள்தான் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

அன்றைக்கு அவர் சைக்கிளைச் சாத்தவில்லை, போட்டுவிட்டு வந்தார். அந்த நாவலைக் கேட்டு வாங்கி, பின்னட்டையைத் திறந்து, விரலை வைத்தார்.

"ஆரு இந்த முந்நூத்திப் பதினேழு?"

"போடியார், இது சும்மா புத்தகத்தப் பத்தி..."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஆம்புளயா, பொம்புளயா? வாசிகசாலை எண்டு சொல்லி இஞ்ச என்ன வேல பாக்கிறீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குச் சுட்டது. என் வாசிகசாலையைப் பற்றி இப்படியா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். "இஞ்ச ஒளிமறைவு ஒண்டுமில்ல" என்று கொப்பியை இழுத்துத் திறந்து, எண்ணுக்கு நேரே இருந்த பேரையும் ஊரையும் உரக்க வாசித்தேன். ஆண் பேர். காரைதீவு.

அவர் புத்தகத்தை மெல்ல மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார். பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை என்று அவளுக்குப் படிப்பித்த ரீச்சரின் மாப்பிள்ளை வந்து என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார். எனக்கும் கவலைதான். ஆனாலும் மனதின் ஒரு மூலையில், பிழை என்னுடையதில்லை, ஒரு ஆம்பிளையோடு எழுத்தில் கதைத்தது அவள்தானே என்ற எண்ணமும் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை கிளாக்கர் வந்தார். நான் எரிந்து விழுந்தேன். "அண்ணன், உங்கட துண்டால ஒரு பிள்ளைட படிப்பே போயிட்டு!"

அவர் விழித்தார். "என்ன துண்டு?"

காட்டினேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இது என்ட அக்காட கையெழுத்து, தம்பி. எனக்கு ஒரு பக்கம் வாசிக்கவும் பொறுமையில்ல. அத்தான் செத்த பிறகு அவ வெளிய வெளிக்கிடுறதில்ல. புத்தகம்தான் அவக்குத் துணை. அதான் நான் எடுத்துக் குடுக்கிறன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொம்பிளைதானே! சொன்னால் முடிந்தது! "இப்பவே வாங்க, போடியார்ட்டப் போவம்" என்று கையைப் பிடித்தேன்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "காலம் எப்பிடிக் கிடக்கெண்டு தெரியாதா? நான் அங்க போய் நிண்டா, பொம்புளப் பிள்ளட விஷயமா ஒரு காரைதீவான் வந்து நிக்கிறான் எண்டுதான் ஊர் கதைக்கும். அக்காட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதுவிச்சு நாளைக்குக் கொண்டு வாறன்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த நாளை வரவில்லை. மறுநாள் காலையில் தமிழர் முஸ்லிம் கலவரம் மூண்டு, இரண்டு ஊருக்கும் நடுவில் பாதை மூடிக் கிடந்தது. பஸ் இல்லை, கடைகள் இல்லை. அங்கே புகை, இங்கே புகை என்றார்கள். நேற்றுவரை ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒருவரையொருவர் நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். கிளாக்கரை நான் பிறகு காணவேயில்லை. இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடிதம் இல்லாமலே போடியார் வீட்டுக்குப் போனேன். கேற்றடியிலேயே நிற்க வைத்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அண்டைக்கி நீதான் கொப்பியத் தொறந்து ஆம்புளட பேர வாசிச்ச. இண்டைக்கி நீதான் வந்து பொம்புள எண்டுறாய். எந்த வாய நான் நம்புற, மனே?"

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் போடியார், பிள்ளைய சோதன எழுத உடுங்க."

"நல்லெண்ணத்தில வந்திரிக்காய். போய்ட்டு வா."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கண் கலங்கி நின்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல் சீலை அசைந்தது. அதற்கு அப்பால் யார் நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி நடந்தேன்.

பரீட்சை நடந்தது, முடிந்தது. அவள் எழுதவில்லை.

அதற்கடுத்த மாதம் போடியார் வந்து கையில் மிஞ்சியிருந்த இரண்டு புத்தகங்களையும் வைத்து, அட்டையையும் வைத்தார். "இனித் தேவைப்படாது" என்றார். அவர் போனபிறகு வழக்கம்போலப் பின்னட்டையைப் பார்த்தேன். மேலே இருந்த புத்தகத்தில் ஒட்டாமல் ஒரு துண்டு செருகியிருந்தது. அது அடுத்த வாசகருக்கு எழுதியதல்ல.

"நீங்கள் கேற்றடியில் சொன்னதை உள்ளே இருந்து கேட்டேன். 317 ஒரு பெண் என்பது எனக்கு முதல் துண்டிலேயே தெரியும். சோறு அடிப்பிடித்தது என்று எழுதியிருந்ததே, நம் பக்கத்தில் எந்த ஆண் சோறு ஆக்குகிறான்? வாப்பாவிடம் சொன்னேன். கொப்பியில் இருப்பது ஆண் பேர் என்றார். 214 வாப்பாவின் பேர், வாசிப்பது நான் என்று உங்களுக்குத் தெரியும். 317ஐப் பற்றி ஏன் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை?"

நான் அதை நாலு தடவை வாசித்தேன். சோற்றுத் துண்டைக் கூட்டத்தில் நடித்து வாசித்தவன் நான். எல்லோரையும் சிரிக்கவைத்தவன் நான்.

துண்டு ஒட்டுவதை அன்றோடு நிறுத்தினேன். ஒட்டியவற்றைக் கிழிக்கக் கை வரவில்லை. அட்டையை ரத்துச் செய்யக் கொப்பியைத் திறந்து, 214க்கு நேரே சிவப்பு மையால் கோடு கிழித்தேன். வெட்டுப்பட்டது வாப்பாவின் பேர். அவளுடைய பேர் அந்தக் கொப்பியில் எங்கேயும் இருக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் தெரியாது.