டயர் கருப்பு இல்லை

பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான வாசனை இன்றைக்கும் என்னைப் பல்லைக் கடிக்க வைக்கிறது. மற்றவர்களுக்கு அது பொங்கலுக்கு ஜன்னல் கம்பிகளைப் புதுப்பித்த வாசனையாக இருக்கலாம். எனக்கு அது, ஏழாம் வகுப்பில் என் விமானத்தின் மூன்று டயர்களை ஒரு படித்த மனிதர் பாழாக்கிய வாசனை. இதையெல்லாமா இத்தனை வருடம் மனதில் வைத்திருப்பாய் என்று கேட்கிறார்கள். ஆமாம், வைத்திருக்கிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் விருத்தாசலம் வந்தபோது எனக்கென்று ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடியில் இரண்டு விசிறி வைத்த சரக்கு விமானம் ஒன்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. உள்ளே விமானம் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய துண்டுகள்தான் இருந்தன. இறக்கை, வால், விசிறி, சக்கரம் என்று ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, ஒட்டி, வண்ணத்தையும் நாமே பூசிக்கொள்ள வேண்டும். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் இருந்த நிலத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒடஞ்சத போயா வாங்கியாந்தான்?" என்று கேட்டார்.

ஒட்டுவதற்கு ஒரு வாரம்தான் பிடித்தது. டயருக்குத்தான் முழுக் கோடை விடுமுறையும் போயிற்று. முதலில் நானும் எல்லோரையும் போலக் கடைக் கருப்பு பெயிண்டை எடுத்து அப்பினேன். அது பளபளவென்று மின்னியது. திருவிழாக் கடையில் தொங்குகிற பொம்மை வண்டியின் சக்கரம் மாதிரி இருந்ததே தவிர, ஒரு விமானத்தின் பாரத்தைத் தாங்கித் தரையில் உருளுகிற டயராக இல்லை. எங்கே தவறு என்று எனக்குப் புரியவில்லை.

புரிந்தது வேப்பூரில். எங்கள் பக்கத்து மங்களூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் மாறுவதற்காக நின்றிருந்தபோது, சாப்பாட்டுக் கடையோரம் வரிசையாக நின்ற லாரிகளில் ஒன்றின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். டயர் கருப்பாக இல்லை. தரையில் தேய்கிற பாகம் வெளிறிய சாம்பல். பக்கவாட்டில் செம்மண் படிந்து பழுப்பேறியிருந்தது. பள்ளக் கோடுகளுக்குள்ளே மட்டும்தான் கொஞ்சம் கருமை. அடிப்பக்கம் பாரத்தில் லேசாகப் பிதுங்கி, தட்டையாகத் தரையோடு அழுந்தியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. சாப்பிட்டுவிட்டு வந்த டிரைவர், "இன்னா பாப்பா, காத்து எறங்கியிருக்குதா?" என்று கேட்டு, அவரும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கருப்போடு வெள்ளையையும் துளி செங்காவியையும் கலந்தேன். கலந்து, பூசி, சுரண்டி, மறுபடி கலந்தேன். சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கினேன். டயரும் நடுவில் இருக்கும் இரும்பு வட்டமும் சேரும் இடத்தில் கோடு கோணாமல் வர வேண்டுமே, அதற்கு அம்மா வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் கண்டது கைகொடுத்தது. பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை அம்மாவுக்கு. மத்தியானம் சோறு கொண்டுபோகும்போது, அங்கே கப்புக்குக் கோடு போடுகிற பெண்கள் பிரஷ்ஷை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கப்பு வைத்த தட்டைச் சுற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் சக்கரத்தைத் தென்னங்குச்சியில் செருகிச் சுற்றினேன். கடைசியாக அந்தப் பளபளப்பு. பெயிண்ட் பாதி காய்ந்திருக்கும்போது, அம்மாவின் வேலைப் புடவையை உதறினால் எப்போதும் உதிர்கிற வெள்ளைக் களிமண் தூளை ஒரு சிட்டிகை தூவி, விரலால் துடைத்தேன். மினுக்கம் செத்தது. டயர் வந்துவிட்டது. மூன்று டயர்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அவை ஆயிரம் மைல் ஓடி வந்து இளைப்பாறுவது போலிருந்தன.

பள்ளி திறந்ததும் அறிவியல் கண்காட்சி வந்தது. என் விமானத்தைப் பார்த்த அறிவியல் சார் சந்தோஷப்பட்டு நடு மேசையைக் கொடுத்தார். டயர் மட்டும் அழுக்காக இருக்கிறதே, துடைத்துவிடு என்றார். அது அழுக்கில்லை சார், அப்படித்தான் பூசியிருக்கிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். வெள்ளைத்தாள் விரித்த மேசையில் விமானத்தை வைத்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மூன்று டயர்களும் கன்னங்கரேலென்று மின்னின. பள்ளிக் கேட்டுக்கு அடித்து மீந்துபோன பெயிண்ட். பிரஷ் அகலம் போலிருக்கிறது, டயர், நடுவட்டம், சக்கரத்தைத் தாங்கும் கால் எல்லாவற்றின் மேலும் வழிந்து, வெள்ளைத்தாளில் குளமாகத் தேங்கியிருந்தது. "டயருன்னா கருப்பாத்தானம்மா இருக்கணும். நல்லா பளிச்சுனு ஆக்கி வெச்சிருக்கேன்" என்றார் சார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஆசையாக விமானத்தைத் தூக்கினார். பெயிண்ட் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒரு கால் முறிந்து மேசையிலேயே நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புள்ளைங்க வேலைதானே, அப்படித்தான் இருக்கும் என்று சார் அவரிடம் சமாதானம் சொன்னார். என் வேலையாம்! அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"இது நான் பூசுனது இல்லைங்க. சாருதான் கெடுத்துட்டாரு."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்காக, பெரியவர்கள் முன்னிலையில் ஆசிரியரை அவமதித்தேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார்கள். திங்கட்கிழமை பிரேயரில் அதைப் படிக்கவும் வைத்தார்கள். படித்தேன். மொத்தப் பள்ளியும் கேட்க, செய்யாத தப்புக்கு வருந்துகிறேன் என்று வாசித்த அந்தக் குரலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அது என் குரல்தான்.

அன்று மாலை, புதுப் பெயிண்டையாவது எடுத்துவிடலாம் என்று கடையில் தின்னர் வாங்கிவந்து துடைத்தேன். பெயிண்டோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் இளகியது. என் கட்டைவிரல் ரேகை டயரில் பதிந்து நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபோதுதான் வீட்டில் எல்லாம் தெரிந்தது. சார் நல்லதுக்குத்தான் செய்திருப்பார், டயர் கருப்புதானே என்று அப்பாவும் சொன்னார். அம்மா சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் அம்மா வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் சாருக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்லவில்லை யாரும்.

"நான் பொம்மைக்குக் கண்ணு எழுதுறவ சார். ஒருத்தி எழுதுன கண்ணு மேல இன்னொருத்தி பிரஷ்ஷ வெக்க மாட்டா. கோணலா இருந்தாலும் கூப்புட்டுத்தான் சொல்லுவா. அதுக்கு எங்களுக்குப் படிப்பு தேவைப்படலைங்க."

ஒரு விளையாட்டு சாமானுக்கு இவ்வளவு பேச்சா என்றார் சார். அம்மா என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். அது பைலில் போய்விட்டது என்றார்கள். "அப்ப நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க, நானும் பைல்ல வெச்சிக்கிறேன்" என்றார் அம்மா. அவர் எழுதவில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "போயிட்டு வரேங்க" என்று சொல்லி நடந்தார்.

விளையாட்டு சாமான். நல்லதுக்குத்தான். சின்ன விஷயம். இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் கண்ணால் கண்டதைக் கண்டதே இல்லை என்று ஆக்குகிறோம். ஒரு கோடை முழுக்கக் குனிந்து பார்த்தவளுக்குத் தெரியாதது, ஒருமுறைகூடக் குனியாதவருக்குத் தெரிந்துவிட்டது! அவர் டயரைப் பார்த்ததே இல்லை. டயர் என்ற சொல்லைத்தான் பார்த்திருந்தார்.

இப்போது அந்த விமானம் இல்லை. வீடு மாறியதில் எங்கோ தொலைந்தது. கண்காட்சி நடந்த கூடத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை. போன வருடம் பழைய மாணவர்கள் கூடியபோது சார் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "ஏரோப்ளேன் பொண்ணுதானே நீ? சின்ன விஷயத்துக்கு அம்மாவக் கூட்டியாந்த புள்ள" என்று எல்லோர் முன்னாலும் வாஞ்சையாகத்தான் சிரித்தார்.

ஒரு நிமிடம் வாங்க சார் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனேன். மரத்தடியில் அவர் வந்த கார் நின்றது. டயரைக் காட்டி, இது என்ன நிறம் சொல்லுங்கள் என்றேன். முழங்காலில் கையூன்றி மெதுவாகக் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிஜமாகவே பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"சாம்பலாத்தான் இருக்குது" என்றார்.

பிறகு நிமிர்ந்து டிரைவரைக் கூப்பிட்டு, டயரை ஏன் கழுவாமல் வைத்திருக்கிறாய் என்று திட்ட ஆரம்பித்தார்.