பங்குனியில் வந்த வாடை

இன்று காலையும் எங்கள் வீட்டுச் சுவர் வியர்த்திருந்தது. துணியால் துடைத்தால் துடைத்த இடத்திலேயே மறுபடி முத்து முத்தாகக் கட்டுகிறது. தரையில் காலை வைத்தால், யாரோ இப்போதுதான் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. கூரை ஒழுகவில்லை, குடம் கவிழவில்லை. நேற்று உலர்த்திய வேட்டி நேற்றைக் காட்டிலும் இன்றைக்கு அதிக ஈரமாக இருக்கிறது. உப்புச் சட்டியில் உப்பு பாதி, தண்ணீர் பாதி. ஊரில் இப்படி உப்பு கசிந்தால் மழை வரப்போகிறது என்று அர்த்தம், அநேகமாக வந்தும்விடும். இங்கேயோ மாசி பிறந்ததும் கசிய ஆரம்பித்து, சித்திரை வரைக்கும் கசிந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் மழை பெய்கிறதா இல்லையா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. வெளியே போனால் தலை நனைகிறது. துளி விழுவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் ‘கிராஷேன்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் தெரிந்துவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

சைகோனில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வது விளங்காது. சைகோனில் அடிப்பது கிட்டத்தட்ட நம் ஊர் வெயில். நான் இருப்பது வடக்கே, தோங்கின் சீமையில், ஹைப்போங் துறைமுகத்தில். ஒரு கிடங்கில் காவல் வேலை. துறைமுகத்து அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, எத்தனை டிகிரே வெப்பம் என்று சீமைச் சுண்ணாம்பால் அதில் எழுதுவார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அதன் முன்னால் நின்றுவிடுவேன். ஏதோ கப்பலுக்குக் காத்திருக்கிறேன் என்று மூட்டை தூக்கும் இந்த ஊர் அன்னாமியர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் கடல் பக்கம் கையைக் காட்டி, வரவில்லை என்று தலையை ஆட்டி, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். நாளைக்குத் துணி காயுமா என்று பார்க்கிறேன் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

பலகையில் எண்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எழுத்துதான் பாதி தெரியும், பாதி தெரியாது. பாகூர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆள் இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வாத்தியார் ஒரு படத்தை மாட்டி, இதுதான் ‘பிரெந்தாம்’ என்கிற பருவம் என்றார். படத்தில் பூ பூத்திருந்தது, ஒரு பெண் குடை பிடித்திருந்தாள், மெல்லிசாக மழை பெய்தது. மார்ச் மாசம் என்று கீழே போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அதே மார்ச் மாசம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த காலம் இரண்டுதான், மழை ஒன்று, வெயில் ஒன்று. இது என்ன மூன்றாவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடத்தின் மீதியைத்தான் இங்கே வந்து படிக்கிறேன்.

கவலை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் பூரணாங்குப்பம். அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடக்கும் நாட்களில் மேற்கே ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் நான் அப்பாவிடம் ஓடுவேன். “அப்பா, மோடம் போடுது.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “போடட்டும். நீ போயி சோத்தத் துன்னு.” எனக்குச் சோறு இறங்காது. “வானத்தப் பாத்துனே துன்னு, நல்லா செரிக்கும்” என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆனால் ஒரு பங்குனியில் நான் பயந்தது போலவே வந்துவிட்டது. சாயங்காலம் காற்று நின்றது. தும்பி தாழப் பறந்தது. யாரோ ஒருவர் “வருதுடா” என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான், தெருவே களத்துக்கு ஓடியது. யார் நெல் என்று யாரும் பார்க்கவில்லை. எங்கள் நெல்லை எதிர்வீட்டார் அள்ளினார்கள், அவர்கள் மிளகாயை என் அம்மா முந்தானையில் வாரிக்கொண்டு ஓடினாள். நான் கீற்றுப் பாயை இழுத்து அம்பாரத்தின் மேல் போட்டேன். முதல் துளி முதுகில் விழுந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் மழைக்குப் பயப்படாமல் நனைந்தது அந்த ஒரு தடவைதான். நான் ஊரை நினைக்கும்போதெல்லாம் நினைப்பது அதைத்தான். அங்கே ஒருவருக்கு வந்த மழை எல்லோருக்கும் வந்த மழை. இங்கே அவரவர் தலை, அவரவர் ஈரம்.

போன வருஷம் இதே பங்குனியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி செங்கேணிக்குக் கிருமாம்பாக்கம். அம்மா வீட்டில் நடக்க வேண்டிய முதல் பிரசவம், கடல் கடந்து இங்கே நடந்தது. துணைக்கு இருந்தது அவள் அண்ணன் எல்லப்பன் ஒருவர்தான். ஊரில் கடலூர் ரோட்டில் கரும்பு வண்டி ஓட்டியவர், நான் வந்ததைப் பார்த்துவிட்டு இங்கே கப்பலேறி வந்தவர். பயம் என்பதே தெரியாத மனிதர். நான் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பயப்படுவதால் அது அவருக்குத் தேவைப்படவில்லை.

குழந்தை இளைத்துப் பிறந்திருந்தது. ஒரு கையில் அடங்கிவிடும். அழுகையும் பூனைக்குட்டிச் சத்தம்தான். அதற்குக் குளிர் பட்டுவிடக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். அதனால் தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கும் நாளை நான் தள்ளிக்கொண்டே போனேன். பலகையில் எண் குறைந்திருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்பேன். எண் கூடியிருந்தால் தூறல் போகட்டும் என்பேன். செங்கேணிக்கு அலுத்துவிட்டது.

“தல பிசுக்கு நாறுது. தீட்டோட எத்தினி நாளுதான் கெடக்கறது? எங்கம்மா பாத்தா இன்னா சொல்லும்?” என்றாள்.

ஒரு நாள் விடிந்தபோதே புழுங்கியது. சுவர் தாரையாக வியர்த்தது. சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு எல்லப்பன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

“மாப்ளே, இத்தப் பாரு. இதான் பங்குனிப் புழுக்கம். இன்னிக்கி ஊத்துனா உண்டு.”

“பலகையில வடகிழக்குக் காத்துன்னு எழுதியிருக்குது மச்சான். டிகிரே எறங்கும்னு போட்டிருக்குற மாரி இருந்துச்சி.”

“வடகெழக்குன்னா இன்னா? வாடை. பங்குனியில எந்த ஊர்லடா வாடை அடிச்சிது? அய்ப்பசிப் பலகைய அழிக்காம வுட்டிருப்பான்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வாடைக்காற்று தை பிறந்தால் போய்விடும் என்று தெரிந்த உடம்பு இது. எழுத்தைப் பாதி படிக்கிறவன் தன் உடம்பைத்தான் நம்புவான்.

அப்போது பக்கத்து வீட்டு லான் அம்மாள் வந்தார். தெருவில் அரிசிக் கஞ்சி விற்கிறவர். வெந்நீர்த் தவலை அடுப்பில் ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு கையாலும் தன் தோளைக் கட்டிக்கொண்டு உடம்பை உதறினார். பிறகு தவலையைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். இங்கே பிள்ளை பெற்றவள் ஒரு மாசத்துக்குத் தலைக்குக் குளிக்கக்கூடாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

“பாவம், ஜொரம் போல. வெந்நி கேக்குது” என்றார் எல்லப்பன். “சுக்குக் கஷாயம் இருந்தா குடு.”

கொடுத்தேன். லான் அம்மாள் அந்தக் குவளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மரியாதைக்காக மூக்கைச் சுளிக்காமல் குடித்து முடித்தார். குடித்துவிட்டு மறுபடி தோளைக் கட்டிக்கொண்டு உதறிக் காட்டினார். “நல்லா வேர்த்துடும், போயி படு” என்று எல்லப்பன் தமிழிலேயே சொல்லி அனுப்பிவைத்தார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த நொச்சித் தழையைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் செங்கேணி தானே ஊற்றிக்கொண்டாள். குழந்தைக்கு நான் மொண்டு கொடுக்க, காலில் போட்டு அவளே குளிப்பாட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது ஜன்னல் கதவு தானாக அடித்தது. எழுந்து சாத்தப் போனேன். கையில் பட்ட காற்று நான் அறியாத காற்றாக இருந்தது. காலையில் சட்டை இல்லாமல் நின்ற எல்லப்பன் மத்தியானம் கோணியைப் போர்த்திக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எங்கள் வாயிலிருந்து புகை வந்தது.

செங்கேணியின் தலை காயவில்லை. குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. உதடு கத்தரிப் பூ நிறத்துக்குப் போயிருந்தது. உள்ளங்காலைத் தொட்டால் கிணற்றுக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. விறகு காலையில் வெந்நீருக்கே தீர்ந்திருந்தது. சாம்பிராணி போடலாம் என்று கரி மூட்டையைப் பிரித்தால், அது மாசம் முழுக்கக் காற்றிலேயே ஈரம் குடித்துக் கிடந்தது. நான் ஊதினேன், எல்லப்பன் ஊதினார். புகைதான் வந்தது. குழந்தை இருமக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். திறந்தால் லான் அம்மாள். தலையில் ஓலைத் தொப்பி. கையில் மூன்று பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்ட மண் சட்டி. சட்டி நிறையச் செக்கச்செவேல் என்று நெருப்புக் கங்கு. படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறி கட்டிய சட்டியில் நெருப்பை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால், நம் ஊரில் அவருக்குப் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லப்பன் பாய்ந்து போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். “கொள்ளிச் சட்டிய தூக்கினு வரா பாரு. பச்சப் புள்ள இருக்கிற வூட்டுக்கு எடுத்தாற சாமானா இது? போ, போ.”

லான் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டியை உயர்த்திக் காட்டி, கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று குனிந்து காட்டினார். “ஃப்ருவா, மூஸ்யே, ஃப்ருவா” என்றார். குளிர் என்பதற்கான அந்தப் பிரெஞ்சுச் சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லப்பன் நகரவில்லை. எனக்கு அந்த நெருப்பு வேண்டும். அந்தச் சட்டியைப் பார்க்கவோ முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

உள்ளேயிருந்து செங்கேணி கேட்டாள். “அண்ணே, ஊர்ல கொள்ளிச் சட்டிய யாரு தூக்குவா?”

“இன்னா கேள்வி இது? ஆம்பளதான் தூக்குவான்.”

“எந்தப் பொம்பளயாச்சும் தூக்கி நீ பாத்திருக்கியா?”

“பொம்பள எப்டி தூக்குவா?”

“அந்தம்மா ஆம்பளயா?”

எல்லப்பன் லான் அம்மாளைப் பார்த்தார்.

“பொம்பள தூக்கியாந்தா அது அடுப்பு. வழிய வுடு” என்றாள் செங்கேணி.

அவர் வழிவிட்டார். லான் அம்மாள் சட்டியை மூங்கில் கட்டிலுக்கு அடியில் வைத்தார். குழந்தையைத் துணியிலிருந்து பிரித்து, செங்கேணியின் மார்போடு உடம்போடு உடம்பு படும்படி வைத்து, தன் பஞ்சுக் கோட்டைக் கழற்றி இருவர் மேலும் போர்த்தினார். செங்கேணியின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கோபமாகச் சொன்னார். திட்டுத்தான். எந்த பாஷையிலும் அம்மாக்கள் திட்டுவது ஒரே மாதிரிதான் கேட்கிறது. செங்கேணி நம்முடைய சாம்பிராணியை ஒரு சிட்டிகை எடுத்து அந்தச் சட்டியில் போட்டாள். அறையில் எங்கள் வீட்டு வாசனை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கால் விரல் அசைந்தது. பிறகு அது பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது. அதைக் கேட்டதும் எல்லப்பன் திரும்பிக்கொண்டு, சாம்பிராணிப் புகையைச் சாக்கிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

அந்த வாடை சில நாள் அடித்துவிட்டுப் போயிற்று. வருஷா வருஷம் இந்த மாசத்தில் கடைசியாக ஒரு குளிர் வரும் என்றும், அது வந்து போகாமல் இங்கே யாரும் பஞ்சுக் கோட்டைப் பெட்டியில் வைக்க மாட்டார்கள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தேறிவிட்டாள். தேறிவிட்டாள் என்று எழுதும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இப்போது நடக்கிறாள். ஊருக்கு அழைத்துப்போக வேண்டும் என்று செங்கேணி சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாகூர் ஏரிக்கரையில், கிருமாம்பாக்கத்துப் புழுதியில் நம் வெயில் இவளுக்குத் தாங்குமா? போர்த்தியதை எல்லாம் உதறிவிட்டுத் தூங்குகிற பிள்ளை இது. குளிரில் செத்துப் பிழைத்தவளுக்கு இப்போது குளிர்தான் பழக்கம். போன வருஷம் இவளுக்குக் குளிருமோ என்று கவலைப்பட்டேன். இந்த வருஷம் இவளுக்கு நம் ஊர் சுடுமோ என்று கவலைப்படுகிறேன்.

இன்று மத்தியானம் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போய்விட்டாள். தூறலில் தலைமயிர் முழுக்கப் பொடிப் பொடியாக நீர் பூத்திருந்தது. “நனையிற பாரு, உள்ள வாடி” என்று செங்கேணி எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டாள். லான் அம்மாள் தன் வாசலில் நின்று தன் பாஷையில் கூப்பிட்டார். இரண்டு பாஷையும் அவளுக்குப் புரியும். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு இரண்டு வாசலுக்கும் நடுவில் ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் தலைக்கு மேல் பிடித்தேன். இருவரும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த வாசலைக் காட்டி இவளைப் போகச் சொல்வது என்று தெரியாமல் நான் குடையோடு அங்கேயே நின்றேன்.